பிள்ளையின் காற்சட்டைப் பைக்குள் ஒரு சன்னம்

எங்கள் கட்டடத்தில் வியாழக்கிழமை எங்களுக்கு உடுப்புத் தோய்க்கும் நாள். சுவிஸில் இருப்பவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. லண்டன், ரொறன்ரோ வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: கட்டடத்தில் உள்ள எல்லா வீட்டுக்கும் நிலவறையில் ஒரே ஒரு மெஷின், ஆளுக்கொரு நாள். அதைத் தவறவிட்டால் அடுத்த முறை வரும்வரை ஊத்தை உடுப்போடு இருக்கவேண்டியதுதான்.

போன வருஷம் ஜூன் மாதம் அப்படியொரு வியாழன். மெஷின் சுற்றத் தொடங்கியதும் உள்ளே 'டக், டக்' என்று ஏதோ அடிபட்டது. மகனின் காற்சட்டைப் பையில் சில்லறைக் காசு இருந்திருக்கும் என்று நினைத்தேன். முடிந்ததும் கையை விட்டுத் துழாவினால், சுண்டுவிரல் நுனியளவில் சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு வந்தது. அளவுக்கு மீறின பாரம். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. என்ன சாமான் என்று விளங்காமல் உடுப்புக் கூடைக்குள் போட்டு மேலே கொண்டுவந்துவிட்டேன்.

நான் உடுப்பு மடித்துக்கொண்டிருக்க, ஒன்றரை வயதுச் சின்னவள் கூடைக்குள் கையை விட்டாள். அடுத்த நிமிடம் அது அவளுடைய வாயில். அவளைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த என் அப்பாதான் பாய்ந்து விரலை விட்டு எடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தவரின் முகம் மாறிவிட்டது.

"பிள்ளை, இது சன்னம். ஈயத்தில ஊத்தினது. ஆர் இதை வீட்டுக்குள்ள கொண்டுவந்தது?"

நான் மூன்று வயதில் சூரிச்சுக்கு வந்தவள். துவக்கு, ரவை, கோது, சன்னம் என்ற சொற்களெல்லாம் எனக்குப் பெரியவர்கள் தணிந்த குரலில் கதைக்கும்போது காதில் விழுந்த சொற்கள்தான். சன்னம் ஒன்றைக் கையில் பிடித்தது அன்றுதான் முதல் தடவை. அதுவும் என் பிள்ளையின் எச்சிலோடு.

உடனே 145க்கு எடுத்தேன். சூரிச்சில் இருந்து இயங்கும் டொக்ஸ் இன்ஃபோ சுவிஸ் என்ற நஞ்சுத் தகவல் நிலையத்தின் இலக்கம் அது. 24 மணிநேரமும் எடுக்கலாம். விழுங்கினாளா, எவ்வளவு நேரம் வாயில் இருந்தது என்று கேட்டார்கள். விழுங்கவில்லை, சில விநாடிகள்தான். பிறகு பிள்ளை வைத்தியரிடமும் காட்டினோம். ஒன்றும் இல்லை. ஆனால் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

கடைசி வீட்டு ஐயா

மகனுக்கு அப்போது 14 வயது. பள்ளிக்கூடத்தால் வந்தவனைப் பிடித்துக் கேட்டேன். முதலில் மழுப்பினான். பிறகு, "அது வெறும் ஈயம் அம்மா, வெடிக்காது. கடைசி வீட்டு ஐயா ஊத்தினவர். பழுதாப் போனதெண்டு ஒதுக்கி வச்சதில ஒண்டை எடுத்தனான்" என்றான்.

நாங்கள் அல்பிஸ்ரீடனில் இருக்கிறோம். தெருவின் கடைசியில் ஒரு பழைய வீடு, பின்வளவில் ஒரு பலகைக் கொட்டில். அங்கே ஓய்வுபெற்ற இயந்திரத் தொழிலாளி ஒருவர் தனியாக இருக்கிறார். அப்பா அவருக்குப் பச்சைமிளகாயும் கீரையும் கொடுப்பார், அவர் தக்காளிக் கன்று தருவார். இரண்டு பேருக்கும் பாஷை அரைகுறைதான், ஆனால் 20 வருஷப் பழக்கம். மகன் சைக்கிள் திருத்த அங்கே போவது எனக்குத் தெரியும். ஈயம் உருக்குவது தெரியாது.

சண்டை பிடிக்கத்தான் போனேன். அப்பாவும் கூட வந்தார். நடந்ததைச் சொன்னதும் மனுசன் கதிரையில் அப்படியே இருந்துவிட்டார். ஒரு பேச்சும் எதிர்த்துப் பேசவில்லை. அவன் எடுத்தது தனக்குத் தெரியாது, எண்ணிப் பார்க்காதது தன் பிழை என்று மட்டும் சொன்னார். பிறகு, "நான் என்ன செய்கிறேன் என்று நீங்களே பாருங்கள். பார்த்துவிட்டு அவன் வரலாமா வேண்டாமா என்று சொல்லுங்கள்" என்றார்.

அவருடைய பாட்டனார் சுவிஸ் இராணுவத்தில் அதிகாரியாக இருந்தவர். அவர் விட்டுப்போனது 1882 மாதிரி ரிவால்வர். சுவிஸ் இராணுவம் 1872இல் 10.4 மில்லிமீற்றர் ரிவால்வர் ஒன்றை எடுத்தது, 1878இல் இன்னொன்று, 1882இல் 7.5 மில்லிமீற்றருக்கு வந்தது. இந்தக் கடைசியை வடிவமைத்தவர் ருடோல்ஃப் ஷ்மிட். 1889இல் வந்த ஷ்மிட்-ரூபின் துவக்கின் பெயரிலும் இருப்பவர் இவர்தான். ஆறு ரவை கொள்ளும், சின்னக் கைத்துவக்கு. 1900இல் சுவிஸ் இராணுவம் பராபெல்லம் பிஸ்டலுக்கு மாறியபோது இதன் காலம் மெல்ல முடியத் தொடங்கியது.

துவக்கு நூறு வருஷம் தாங்கும், ஆனால் அதற்கான ரவையைத் தொழிற்சாலைகள் தொடர்ந்து செய்வதில்லை. கடையில் தேடினாலும் இலேசில் அகப்படாது. அதனால் பழைய ரிவால்வர் வைத்திருப்பவர்கள் வெற்றுக் கோதைச் சேர்த்துவைத்துத் தாங்களே சன்னம் ஊற்றி நிரப்புகிறார்கள். வருஷத்தில் சில நாள் சங்கத்துச் சுடுகளத்தில் சுடுவதற்கு. அவ்வளவுதான் அவருடைய பொழுதுபோக்கு.

காரீயமும் வெள்ளீயமும்

அந்தச் சனிக்கிழமை நானும் அப்பாவும் மகனும் கொட்டில் வாசலில் நின்று பார்த்தோம். கதவும் யன்னலும் விரியத் திறந்திருந்தன. உள்ளே இரும்புச் சட்டி, ஒரு கரண்டி, இரண்டு பாதியாகத் திறக்கும் அச்சு. ஐயா தோல் கையுறையும் கண்ணாடியும் பழைய மேலங்கியும் போட்டிருந்தார்.

காரீயம் ஏறக்குறைய 327 பாகையில் உருகும். தனிக் காரீயம் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஒழுங்காகப் பாயாது. அதற்காகக் கொஞ்சம் வெள்ளீயம் சேர்க்கிறார்கள். மேலே படரும் கறுப்புக் கசட்டை வழித்தெடுக்கவேண்டும். அச்சு போதிய சூடு ஏறுமுன் ஊற்றினால் சன்னத்தில் சுருக்கம் விழும். முதலில் வருகிற சிலது எப்போதும் பழுதுதான்; அவற்றைத் திரும்பச் சட்டிக்குள் போட்டு உருக்குவார்கள். என் மெஷினுக்குள் சுற்றியது அப்படிச் சுருக்கம் விழுந்த ஒன்று.

"ஒரு சொட்டுத் தண்ணி இதுக்குள்ள விழுந்தா என்ன நடக்கும் தெரியுமே?" என்று அப்பா திடீரென்று மகனிடம் கேட்டார். ஐயாவும் நானும் திரும்பிப் பார்த்தோம். "தண்ணி ஒரேயடியா ஆவியாகி ஈயத்தைத் தூக்கி மூஞ்சையில அடிக்கும். மழை நாளில ஈயம் காய்ச்சக் கூடாது எண்டு எங்கட அப்பா சொல்லுவார்."

நான் அதை ஜெர்மனில் சொன்னதும் ஐயா தலையாட்டினார். "இவருக்கு வேலை தெரியும்" என்றார்.

ரவை நிரப்புவது அதற்குப் பிறகு இன்னொரு நாள் வேலை, இன்னும் மெதுவான வேலை. கோதைத் துப்புரவாக்கி, அடியில் புதிய எரியூட்டி வைத்து, மருந்தைத் தராசில் நிறுத்துப் போட்டு, மேலே சன்னத்தை இறுக்குவது. ஒரு கோதுக்கு இரண்டு தரம் மருந்து விழுந்துவிட்டதா என்று வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். கறுப்புமருந்துக் காலத்தில் செய்த இரும்பு, இன்றைய மருந்தின் அழுத்தத்தைத் தாங்காமல் வெடித்துப் பிளக்கலாம். அந்த வேலைக்கு அவர் கதவைப் பூட்டிவிடுவார், தொலைபேசியையும் எடுக்கமாட்டார். மகனை ஒருநாளும் உள்ளே விட்டதில்லை.

இந்த இடத்தில் பெற்றோருக்கு ஒரு விஷயம். ஈயம் என்றால் எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். தமிழ்நாட்டில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம், அதில் சமைக்கலாம். காரீயம் அப்படியில்லை. உலக சுகாதார நிறுவனம், காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று தெரியவரவில்லை என்கிறது. வயிற்றுக்குள் போகும் காரீயத்தைச் சின்னப்பிள்ளைகளின் உடம்பு பெரியவர்களைவிட 4, 5 மடங்கு கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. அது எலும்பில் போய்த் தங்கும், வளரும் மூளையைத் தாக்கும்.

உருக்கும்போது வரும் புகையைத்தான் நாங்கள் பயப்படுவோம். உண்மையில் பெரிய ஆபத்து தூசியும் கசடும்தான்: கையில் ஒட்டி, உடுப்பில் ஒட்டி, வீட்டுத் தரைவிரிப்புக்கு வந்து, தவழும் பிள்ளையின் வாய்க்குப் போவது. சுடுகளத்துத் தூசியும் அப்படித்தான். ஜெர்மன் நாடுகளில் வருஷப்பிறப்பு இரவில் ஈயம் உருக்கிச் சாத்திரம் பார்க்கும் பழக்கம் ஒன்று உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் அந்தக் காரீயப் பெட்டிகளை விற்பனையில் இருந்து எடுத்துவிட்டது. எங்கள் வீடுகளிலும் கவனிக்க இருக்கிறது: சில சுர்மாக்களிலும், சில சிவப்புக் குங்குமத் தூள்களிலும், மலிவான போலி ஈயச்சொம்புகளிலும் காரீயம் இருந்திருக்கிறது.

கடவுச்சீட்டைப் பார்க்கும் சட்டம்

பார்த்து முடிந்ததும் ஐயா அப்பாவுக்குக் காட்ட ஒரு ரவையை எடுத்தார். நீட்டப் போனவர் கையை இழுத்துக்கொண்டார். என்னைப் பார்த்து, வெட்கத்தோடு, "உங்கள் அப்பா இன்னும் இலங்கைக் குடியுரிமைதானே?" என்று கேட்டார்.

எனக்கு அன்றுதான் தெரியும். சுவிஸ் ஆயுத ஒழுங்குவிதியின் 12ஆம் பிரிவு சில நாட்டவர்களுக்கு ஆயுதத்தைத் தடை செய்கிறது. சேர்பியா, பொஸ்னியா, கொசோவோ, வட மசிடோனியா, துருக்கி, அல்ஜீரியா, அல்பேனியா ஆகியவற்றோடு இலங்கையும் அந்தப் பட்டியலில். துவக்கு மட்டுமல்ல, ரவையும் அதன் பாகங்களும் வைத்திருக்கக்கூடாது, சுடவும் கூடாது. விதிவிலக்கு வேண்டுமென்றால் கன்ரோன் அதிகாரிகளிடம் கேட்கவேண்டும். எத்தனை வருஷம் இங்கே இருந்தாலும் அந்த விதி கடவுச்சீட்டைத்தான் பார்க்கிறது.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். சட்டப்படி 1870க்கு முன் செய்த துவக்குத்தான் பழம்பொருள். 1882 ரிவால்வர் பார்வைக்கு அருங்காட்சியகச் சாமான், சட்டத்துக்கு முழு ஆயுதம். சொந்தத் தேவைக்கு ரவை நிரப்புவதைச் சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் வெடிமருந்துக்குத் தனிச் சட்டம். பிள்ளைகள் யாராவது "அது அன்ரீக்தானே அம்மா" என்று சொன்னால் நம்பவேண்டாம்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அப்பா சிரித்தார். "நல்ல சட்டம்தான். எனக்குத் துவக்கு வேண்டாமெண்டு நான் சொல்லுறதுக்கு முன்னமே அவங்கள் சொல்லிப்போட்டாங்கள்." ஆனால் அது முழுச் சிரிப்பு இல்லை.

பக்கத்தில் வந்த மகன் சிவப்புக் கடவுச்சீட்டுக்காரன். 18 வயதில் அவனை இராணுவத் தகவல் நாளுக்குக் கூப்பிடுவார்கள். சேவைக்குப் போனால் ஷ்டூர்ம்கெவேர் துவக்கை வீட்டுக்குக் கொண்டுவந்து அலுமாரிக்குள் வைக்கவும் முடியும். ஒரே வீட்டில் அம்மப்பாவுக்கு ரவை தொடத் தடை, பேரனுக்குத் துவக்குப் பிடிக்கக் கடமை. இதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் வீட்டில் கதைத்ததில்லை.

வலைக்குக் காய்ச்சின ஈயம்

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் மகன்தான் கேட்டான். "அம்மப்பா, உங்களுக்கு எப்பிடி ஈயம் காய்ச்சத் தெரியும்?"

அப்பா பருத்தித்துறைப் பக்கத்து ஆள், கடல்தொழில் குடும்பம். வீச்சுவலையின் ஓரத்தில் ஈயக்குண்டு கோர்ப்பார்கள், வலை விரிந்து அடிவரை தாழ்வதற்கு. அந்தக் குண்டுகளை முற்றத்திலேயே காய்ச்சி ஊற்றுவார்களாம். கசடு வழிக்கிற வேலை சின்ன வயதில் அப்பாவுடையது. இவ்வளவும் எனக்கும் தெரிந்த கதை.

மிச்சம் தெரியாது. 1984இல் வடக்குக் கடலில் தடைகள் வந்தன. தொழில் படுத்தது. வலைகள் கொட்டிலில் தூங்க, காய்ச்சி வைத்த ஈயம் ஒரு சாக்கில் கிடந்தது. ஒருநாள் பின்னேரம் தெரிந்த பொடியள் இரண்டு பேர் வந்து அந்தச் சாக்கைக் கேட்டிருக்கிறார்கள்.

"என்னத்துக்கெண்டு அவையும் சொல்லேல்ல, நானும் கேக்கேல்ல. விளங்கினதுதானே. தூக்கிக் குடுத்தன்." அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மீனுக்கெண்டு காய்ச்சின ஈயம். அது எங்க போச்சுதோ, ஆரில பட்டுதோ, பட்டவன் நல்லவனோ கெட்டவனோ, ஒண்டும் தெரியாது. அடுத்த வருஷம் நான் இஞ்ச வந்திட்டன்."

அம்மா இடையில் எழுந்து போய்விட்டார். முதலாம் ஓகஸ்ட் வாணவெடிக்கு யன்னல் எல்லாம் பூட்டிவிட்டுச் சாமியறையில் இருக்கிற மனுசி அவர்.

மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த ரெண்டு பேரின்ர பேர் தெரியுமா?" என்று கேட்டான்.

"தெரியும்."

அதற்கு மேல் அவனும் கேட்கவில்லை, அப்பாவும் சொல்லவில்லை. நாற்பது வருஷமாக எனக்குச் சொல்லாத கதையை அப்பா ஒரு சுருக்கம் விழுந்த சன்னத்தைக் கண்டதால் பேரனுக்குச் சொன்னார். நான் கேட்டிருந்தால் எனக்கும் சொல்லியிருப்பாரோ என்னவோ. நான் கேட்டதில்லை.

அல்பிஸ்கூட்லியில்

செப்டம்பர் வந்தது. சூரிச் பெற்றோருக்கு அது என்ன மாதம் என்று தெரியும். இரண்டாவது வார இறுதியில் அல்பிஸ்கூட்லியில் க்னாபன்ஷீசன். சூரிச் கன்ரோனின் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகள் இராணுவத் துவக்கால் 300 மீற்றர் தூரத்து இலக்கைச் சுடும் போட்டி. பெயரில் 'பையன்கள்' என்று இருந்தாலும் 1991 முதல் பெண்பிள்ளைகளும் சுடலாம். உச்சப் புள்ளி 35. பக்கத்திலேயே ராட்டினமும் தின்பண்டக் கடைகளும் போட்ட பெரிய திருவிழா. எங்கள் ஆட்களில் பலர் ராட்டினத்துக்குப் போவோம், சுடுகளத்துப் பக்கம் எட்டியும் பார்க்கமாட்டோம்.

மகன் கையெழுத்துக் கேட்டான். "வேண்டாம்" என்று சொல்ல என் வாய் திறந்ததுதான். என்ன காரணம் சொல்வது? அப்பாவின் கதையைச் சொல்லலாம், ஆனால் அதை அவன் ஏற்கெனவே கேட்டுவிட்டான். கேட்டபிறகும்தான் வந்து நிற்கிறான். ஒளித்துச் செய்யாமல் மேசையில் தாளை வைத்துக் கேட்கிறான். நானும் கணவரும் இரண்டு நாள் கதைத்துவிட்டுக் கையெழுத்து வைத்தோம். நாங்கள் செய்தது சரியென்று எல்லோரும் ஒத்துக்கொள்ளமாட்டீர்கள். மறுத்திருந்தாலும் அது பிழையில்லை. காரணத்தோடு மறுக்கவேண்டும், அவ்வளவுதான்.

அவனுக்கு 35க்கு 23 கிடைத்தது. வீட்டுக்கு வந்ததும் உடுப்பை நேரே மெஷினுக்குள் போட்டுவிட்டுக் குளித்தான். அது எங்கள் விதி. அப்பா புள்ளியைக் கேட்கவில்லை. "காது வலிக்குதே?" என்று மட்டும் கேட்டார். "இல்லை அம்மப்பா, காதுக்கு மூடி தந்தவை" என்றான்.

எங்கள் வீட்டு விதிகள்

எங்களுக்கு உதவியவற்றைக் கீழே தருகிறேன். உங்கள் நாட்டுச் சட்டம் வேறாக இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

1. பிள்ளை போகும் வீட்டில் துவக்கோ ரவையோ இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். எங்கே பூட்டியிருக்கிறது என்றும் கேளுங்கள். நல்ல மனிதர்கள் கோபிக்கமாட்டார்கள்.

2. ஈயம் உருக்கும் இடத்தில் சாப்பாடு, தேத்தண்ணி கூடாது. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித்தான் வெளியே வரவேண்டும். உடுப்பைத் தனியாகத் தோய்க்கவேண்டும். சப்பாத்து வாசலிலேயே. வீட்டில் சின்னப்பிள்ளையோ கர்ப்பிணியோ இருந்தால் இதில் விட்டுக்கொடுப்பு இல்லை. சந்தேகம் என்றால் வைத்தியரிடம் இரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

3. எங்கள் மகன் வாசலுக்கு வெளியே நின்று பார்க்கலாம். ஊற்றக்கூடாது, நிரப்பும் நாளில் போகக்கூடாது, ஒரு துண்டும் வீட்டுக்கு வரக்கூடாது. ஐயாவும் இப்போது பழுதுகளையும் எண்ணித்தான் வைக்கிறார்.

4. வீட்டில் யாரிடம் எந்தக் குடியுரிமை, அவருக்குச் சட்டம் எதை அனுமதிக்கிறது என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். ஆசையாக அம்மப்பாவிடம் ரவையைக் காட்டப் போய் அவரை வில்லங்கத்தில் மாட்டிவிடலாம்.

5. சுவிஸில் 15 வயதிலிருந்தே இளையோர் சுடுபயிற்சி இருக்கிறது, 18இல் இராணுவ அழைப்பு வரும். 1996 முதல் சிவில் சேவை என்ற வழியும் இருக்கிறது. 2009க்குப் பிறகு மனச்சாட்சியை விசாரித்துப் பார்ப்பதில்லை. ஆனால் நாட்கள் ஒன்றரை மடங்கு. இரண்டு வழியையும் கடிதம் வருவதற்கு முன்பே பிள்ளையோடு கதையுங்கள்.

6. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பிள்ளையை அவர்களிடம் கேட்க விடுங்கள். அவர்கள் சொல்ல விரும்பினால் சொல்வார்கள். எழுந்து போனால் போகட்டும்.

அந்தச் சன்னம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அடுத்த சனிக்கிழமையே மகன் அதைக் கடதாசியில் சுற்றிக்கொண்டுபோய் ஐயாவிடம் மன்னிப்புக் கேட்டுத் திருப்பிக் கொடுத்தான். அவர் அதைச் சட்டிக்குள் போட்டார். அப்பா வாசலில் நின்று, கையைப் பின்னால் கட்டியபடி, அது உருகி முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். வரும்போது ஐயா அவருக்கு ஒரு பை தக்காளி கொடுத்தார்.